ரோலாவில் ஒரு ஹார்ட் டிஸ்க் ஒளிந்துகொண்ட வெள்ளிக்கிழமை

"…முந்தின லீவுக்கு மிக்சி, அதுக்கு முந்தின லீவுக்குத் தையல் மெஷினு. ஒண்ணும் எனக்க வீட்டுக்காரி கேட்டதில்ல, நானாட்டு வாங்கிட்டுப் போனது. இந்த வாட்டிதான் வாயைத் தொறந்து ஒரு சாமான் கேட்டா. வாங்கியாச்சு, மாட்டியாச்சு. இப்பம் எங்க டே போச்சு அது?" என்றார் அண்ணன்.

பனியனும், ஊருக்குப் போவதற்காகத் தேய்த்து வைத்திருந்த புதுப் பேண்ட்டுமாக அவர் கம்ப்யூட்டருக்கு முன்னால் தரையில் குந்தியிருந்தார். திரையில் 'மை கம்ப்யூட்டர்' திறந்திருந்தது. பழைய டிஸ்க் இருந்தது, சிடி போடும் பெட்டி இருந்தது. காலையில் நான் மாட்டிய புது ஹார்ட் டிஸ்க்கை மட்டும் காணவில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளி கொல்லைப் பக்கமாகப் போய்விட்ட மாதிரி.

அன்று வெள்ளிக்கிழமை. ஜும்மா முடிந்து, பிரியாணி முடிந்து, ஷார்ஜா முழுக்கக் கண் சொருகிக் கிடக்கிற நேரம். சாயங்காலம் அண்ணனுக்குத் திருவனந்தபுரம் ஃபிளைட். டிஸ்க் வாங்கிய கடை எங்கள் ரோலா கடைவீதியில்தான், கட்டடத்திலிருந்து கூப்பிடு தூரம். ஆனால் வெள்ளிக்கிழமை அந்தக் கடையின் ஷட்டர் ஏறுவதற்குள் அண்ணன் ஏர்போர்ட்டில் வரிசையில் நின்றுகொண்டிருப்பார். ஆகையால் அந்த டிஸ்க் தெரிந்தால் அப்போதே தெரிய வேண்டும். இல்லையென்றால் இல்லைதான்.

அண்ணன் என் அறைத்தோழர், கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர். ஏசி ரிப்பேர் வேலை. அவர் மனைவி ஊரில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் டிசைன் பண்ணிக்கொண்டிருந்தவர். பிள்ளை பிறந்த பிறகு போகமுடியவில்லை. "வீட்டுல கம்ப்யூட்டர் இருந்தா வேலையை அங்கயே குடுத்துவிடுறேன், ஆனா டிஸ்க் பெருசா இருக்கணும்" என்று ஸ்டுடியோக்காரர் சொல்லிவிட்டார். அண்ணன் ஓர் ஆபீசில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டரை வாங்கினார். நல்ல மெஷின்தான். உள்ளே இருந்த டிஸ்க் மட்டும் சுண்டைக்காய் அளவு. இரண்டு கல்யாணத்துப் போட்டோவைப் போட்டால் மூன்றாவது மாப்பிள்ளை வாசலில் நிற்கவேண்டியதுதான். அதனால்தான் இந்தப் புது டிஸ்க். டிஸ்க் தெரியாவிட்டால் அந்த அம்மாவுக்கு வேலை இல்லை. விஷயம் அவ்வளவுதான், ஆனால் அண்ணனுக்கு அது எவ்வளவு என்பது அவர் குந்தியிருந்த விதத்திலேயே தெரிந்தது.

அறையில் நாங்கள் மூன்று பேர். அண்ணன், நான், அப்புறம் காக்கா. காக்கா என்றால் கீழக்கரைப் பக்கம் மூத்த அண்ணனைக் கூப்பிடுகிற சொல். நாங்கள் மட்டுமல்ல, அந்தக் கட்டடமே அவரை அப்படித்தான் கூப்பிட்டது. ரோலாவில் துணிக்கடையில் வேலை. ஆனால் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது பெட்டி கட்டுகிற வித்தை. யார் லீவில் போனாலும் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் அறைக்குத்தான் வருவார்கள். காக்கா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு டேப்பை எடுத்தாரென்றால் அந்தச் 'சர்ர்ர்' சத்தம் மூன்று மாடிக்குக் கேட்கும். பால்பவுடர் டப்பாவுக்கு ஒரு சுற்று, ஷாம்பு மூடிக்கு ஒரு சுற்று, தைல பாட்டில் கழுத்துக்கு இரண்டு சுற்று. "பெட்டியக் கட்டுறவனுக்கு நம்பிக்கை இருக்கக்கூடாது தம்பி, சந்தேகம்தான் இருக்கணும்" என்பார். இந்த மாதிரிப் பேச்சுக்காகவே நான் அவர் பக்கத்துக் கட்டிலை விடாமல் வைத்திருந்தேன்.

என் படிப்பையும் சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்த்த பெயிண்ட் கடையில் பில் போடுகிற கம்ப்யூட்டர் அடிக்கடி படுத்துவிடும். அதைக் கழற்றி, மாட்டி, திட்டி, தட்டிக் கற்றுக்கொண்டதுதான். அறையில் அதற்கே எனக்கு டாக்டர் மரியாதை.

டாக்டர் முதலில் செய்வதைச் செய்தேன். அணைத்துப் போட்டேன்.

வரவில்லை.

"புது மருமக வந்த உடனே முன்கட்டுக்கு வந்து நிப்பாளா?" என்றார் காக்கா, கட்டிலில் சாய்ந்தபடி. "கொஞ்சம் கூச்சம் இருக்கும்ல. விடுங்க, பழகட்டும்."

"காக்கா, எனக்க பிளைட்டு போறதுக்குள்ள பழகுமா?"

மறுபடி அணைத்துப் போட்டு, இந்த முறை விண்டோஸ் வருவதற்கு முன்னாலேயே ஒரு பட்டனைத் தட்டித் தட்டி பயாஸ் என்கிற அந்த நீலத் திரைக்குள் போனேன். கம்ப்யூட்டர் தன் உடம்பில் என்னென்ன மாட்டியிருக்கிறது என்று தானே ஒப்பிக்கிற இடம் அது. நீலத்தைப் பார்த்ததும், மெஷின் படுத்துவிட்டால் வருகிற நீலத் திரை என்று நினைத்து அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"மக்கா, இருந்ததும் போச்சா?"

"இல்லண்ணே, இது வேற நீலம்."

"நீலத்துல எத்தன நீலம் டே இருக்கு?"

பழைய டிஸ்க்கின் பெயர் அங்கே ஜம்மென்று இருந்தது. புது டிஸ்க் இருக்கவேண்டிய இடத்தில் 'ஒன்றுமில்லை' என்று எழுதியிருந்தது. எனக்குத் தெரிந்த வைத்தியம் அத்தோடு சரி. அதற்குமேல் போனால் பெரியாஸ்பத்திரிதான்.

பெரியாஸ்பத்திரி அல் கோபாரில் இருந்தது. அண்ணனின் மைத்துனர், மனைவியின் தம்பி, சவுதியில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்ப்பவர், முறையாகப் படித்தவர். அண்ணன் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அங்கேயும் வெள்ளிக்கிழமைத் தூக்கம்.

"அத்தான்… கிளம்பியாச்சா?"

"கிளம்புறதா? ஒனக்க அக்கா என்னைய வீட்டுக்குள்ள விடமாட்டா போலிருக்கு. டிஸ்க்கைக் காணல மக்கா!"

"காணலன்னா? களவு போச்சா?"

"உள்ளதான் இருக்கு. கண்ணுல தெரியுது, கம்ப்யூட்டர்ல தெரியல!"

நான் போனை வாங்கி நடந்ததைச் சொன்னேன். அவர் கொட்டாவிக்கு நடுவிலேயே சரியாகக் கேட்டார். டிஸ்க்கிலிருந்து வருகிற ஒயரை மதர்போர்டில் வேறொரு துளையில் செருகச் சொன்னார். செருகினேன். வரவில்லை. கரண்ட் கொடுக்கிற ஒயரையும் சப்ளைப் பெட்டிப் பக்கம் மாற்றிப் பார்க்கச் சொன்னார். மாற்றினேன். வரவில்லை. இதற்குள் எதிர் அறை மலையாளி சேட்டன் எட்டிப் பார்த்து, "வைரஸ் ஆணோ?" என்று கேட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டார்.

"டிஸ்க்கு மேல கைய வச்சுப் பாருங்க. அதிருதா?" என்றது அல் கோபார்.

அண்ணன் முதலில் பழைய டிஸ்க்கின் மேல் உள்ளங்கையை வைத்தார். முகம் மலர்ந்தது.

"ஆமா டே! வலையில இருந்து எடுத்த மீனு மாதிரி கிடந்து துடிக்குது!"

"இப்பம் புதுசுல வைங்க."

வைத்தார். கையை எடுத்தார். மறுபடி வைத்தார்.

"இது ஐஸ் பெட்டி மீனு," என்றார் மெதுவாக.

அந்தப் பக்கம் இன்னொரு கொட்டாவி. பிறகு, "டெட் பீஸ் அத்தான். கடையில குடுத்து மாத்துங்க. வேற வழி இல்ல" என்று வந்தது.

கடை மூடியிருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? அண்ணன் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். கீழே எக்ஸ்சேஞ்ச் வாசலில் ஊருக்குப் பணம் அனுப்ப வந்தவர்கள் நிழல் தேடி ஒட்டிக்கொண்டு நின்றார்கள்.

"நான் நாளைக்கு மாத்தி வைக்கிறேன் தம்பி," என்றார் காக்கா. "அடுத்தாப்ல யாரு போனாலும் குடுத்துவிட்ரலாம்."

"குடுத்துவிட்டா? அதை அங்க யாரு காக்கா மாட்டுவா? எனக்க லீவு அதுக்குள்ள முடிஞ்சிரும். கம்ப்யூட்டர் வீட்டுல மணவறைப் பொண்ணு மாதிரி சும்மா இருக்கும். அவ அதை நெதம் தொடச்சு வைப்பா. ஒரு வார்த்தை கொறை சொல்லமாட்டா. அதுதான் எனக்கு…" வாக்கியத்தை முடிக்காமல் மூக்கைச் சிந்தினார். சேட்டன் ஒரு டிஷ்யூவை எடுத்து நீட்டினார்.

சரி, கடைக்குத் திருப்பிக் கொடுக்கவாவது கழற்ற வேண்டுமே. மெஷினை அணைத்து, ஒயர்களை உருவி, திருகாணிகளைக் கழற்றி டிஸ்க்கை வெளியே எடுத்தேன். உருவும்போது முனை கொஞ்சம் பிடித்தது. காலையில் செருகும்போதும் அப்படித்தான் இறுக்கமாக ஏறியது. புதுச் சாமான், புதுச் செருப்பு மாதிரிக் கடிக்கத்தான் செய்யும் என்று அப்போது நானே ஒரு பழமொழி சொல்லி எல்லோரையும் சமாதானப்படுத்தியிருந்தேன்.

"இங்க குடுங்க. கவர்ல எப்பிடி இருந்துச்சோ அப்பிடியே போட்டு வைக்கிறேன்," என்று காக்கா கை நீட்டி வாங்கிக்கொண்டார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். டிஸ்க்கை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, அதன் முனையைச் சுண்டுவிரல் நகத்தால் சுரண்ட ஆரம்பித்தார். அந்தச் சுரண்டல் எங்களுக்குப் பழக்கமானது. டேப் உருளையின் நுனியைத் தேடும்போது அவர் செய்வது.

"காக்கா," என்றேன், "என்னத்தச் சுரண்டுறீங்க?"

"ஒண்ணுமில்ல தம்பி. கடைக்காரன் பாத்தா திருப்பி எடுக்கமாட்டான்ல. நேத்து நான் ஒட்டுன டேப்ப எடுத்துர்றேன்."

"என்ன டேப்பு?"

"அட, இது வாயப் பொளந்துகிட்டு இருந்துச்சு தம்பி. தூசி போகாதா? கண்ணாடி டேப்பா, மெல்லிசா, ரெண்டு பக்கத்துலயும் ஒரு சுத்து விட்டு, திருப்பி அந்த வெள்ளிக் கவருக்குள்ளயே போட்டு வச்சேன்." சொல்லிக்கொண்டே ஒரு நீளத் துண்டை உரித்தார். வெளிச்சத்தில் அது பாம்புச் சட்டை மாதிரிப் பளபளத்தது. நடுவில், நான் ஒயரைச் செருகிய இடத்தில், பள்ளம் விழுந்து கசங்கியிருந்தது.

நான் குனிந்து அந்தப் பள்ளத்தைத் தொட்டுப் பார்த்தேன்.

கரண்டும் சரி, தகவலும் சரி, எல்லாம் போகிற வாயில் காக்கா டேப் ஒட்டியிருக்கிறார். நான் அதன் மேலேயே ஒயரைச் செருகி, இறுக்கத்துக்குப் பழமொழியும் சொல்லியிருக்கிறேன். டிஸ்க் சாகவில்லை. பிறந்ததிலிருந்து அதன் வாயில் ஒரு பருக்கை போகவில்லை.

முதலில் சிரித்தது அல் கோபார்தான். போனை யாருமே அணைக்கவில்லை. "டேப்பா?" என்று ஒரு குரல். பிறகு தகரத்தில் கல் உருட்டின மாதிரி ஒரு சிரிப்பு. அது எங்களைத் தொற்றியது. அண்ணன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், சிரித்துக்கொண்டே தரைக்கு இறங்கினார். சேட்டனுக்கு விஷயம் பாதிதான் புரிந்தது, ஆனால் எங்களைவிடச் சத்தமாகச் சிரித்தார். நான் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த திருகாணிகள் கட்டிலுக்கடியில் ஓடின.

காக்கா மட்டும் சிரிக்கவில்லை. உரித்த டேப்பை விரலில் சுற்றிக்கொண்டே, "எங்க வாப்பா கொழும்புக்குப் போய்வந்த காலத்துலருந்து நாங்க பெட்டி கட்டுறோம். ஒட்டுன சாமான் எதுவும் கெட்டதா சரித்திரம் இல்ல," என்றார்.

"கெடல காக்கா, பட்டினி கிடந்துச்சு!" என்றார் அண்ணன் தரையிலிருந்து.

"ஒரு தூசி போச்சா உள்ள? சொல்லுங்க. போச்சா?"

"கரண்டே போகல காக்கா!"

"அப்ப என் டேப்பு நல்ல டேப்பு," என்று அவர் தீர்ப்புச் சொன்னார். அதற்கப்புறம்தான் அவருக்கும் சிரிப்பு வந்தது. வந்தது என்றால், நிற்கவில்லை. கைலி முனையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

டிஸ்க்கின் வாயை நன்றாகத் துடைத்து மறுபடி மாட்டினேன். ஒயர் வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கியது. பட்டனைப் போட்டதும் அண்ணன் கையை வைத்தார்.

"துடிக்குது! மக்கா, துடிக்குது!"

காக்காவும் வைத்துப் பார்த்தார். சேட்டனும் வைத்தார். தர்காவில் சந்தனம் தொடுகிற மாதிரி ஆளுக்கு ஒருமுறை தொட்டுவிட்டு நகர்ந்தார்கள். நீலத் திரையில் இரண்டாவது டிஸ்க்கின் பெயர் ஊர்ந்து வந்து நின்றது. அறையில் விசில் பறந்தது.

அந்த விசில் அடங்குவதற்குள் விண்டோஸ் வந்தது. 'மை கம்ப்யூட்டர்' திறந்தேன். பழைய டிஸ்க். சிடி பெட்டி. அவ்வளவுதான்.

"இப்பம் என்ன டே? இன்னும் எங்கயாச்சும் டேப்பு இருக்கா?" அண்ணன் காக்காவைப் பார்த்தார். காக்கா இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார், சுங்கத்தில் நிற்பவர் மாதிரி.

அல் கோபார் இப்போது முழுசாக விழித்திருந்தது. "பயப்படாதீங்க அத்தான். புது வீடு கட்டி முடிச்சாச்சு, ஆனா இன்னும் கதவு நம்பர் போடல. நம்பர் இல்லாத வீட்டுக்குத் தபால்காரன் எப்பிடி வருவான்?" என்றார். அந்த வரியைக் கேட்டதும் இவரையும் காக்காவோடு என் பேச்சுக்காரர்கள் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன். மை கம்ப்யூட்டரில் வலது கிளிக் செய்து, 'மேனேஜ்' என்பதற்குள் போய், 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' என்பதைத் திறக்கச் சொன்னார். அங்கே இருந்தது எங்கள் டிஸ்க், நீளமாக, மேலே ஒரு கறுப்புப் பட்டையைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு, யாருக்கும் ஒதுக்கப்படாத இடமாக. முதலில் அதைத் துவக்கி வைக்கச் சொன்னார். பிறகு இடத்தை வளைத்து, எழுத்து ஒன்று கொடுத்து, ஃபார்மேட் போடச் சொன்னார். போட்டேன்.

ஒரு சதவிகிதம் என்று காட்டியது. நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஒரு சதவிகிதம் என்றே காட்டியது.

கீழே ஹாரன் அடித்தது. ஏர்போர்ட்டுக்குக் கூட்டிப்போக வந்த பாகிஸ்தானி டிரைவர். சேட்டன் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "பாய், தோ மினிட்!" என்றார். "தோ மினிட் தோ மினிட் போல்கே தோ கண்டா கர்தா ஹை! ஜல்தி கரோ பாய்!" என்று, எங்கள் இரண்டு நிமிஷம் இரண்டு மணி நேரமாகிற கதையைச் சொல்லிப் பதில் வந்தது.

இரண்டு சதவிகிதம்.

"வாடி எனக்க தங்கம், வா," என்றார் அண்ணன் திரையைப் பார்த்து.

"'குயிக்' டிக் பண்ணுனீங்களா?" என்று கேட்டது அல் கோபார்.

பண்ணவில்லை. அதை நிறுத்திவிட்டு மறுபடி ஃபார்மேட் போட்டு, 'குயிக்' என்கிற அந்தச் சின்னக் கட்டத்தில் டிக் போட்டேன். கண் இமைத்துத் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. கறுப்புத் தலைப்பாகை நீலமாக மாறியது. 'ஹெல்தி' என்று எழுதிக் காட்டியது.

"ஹெல்தின்னா?" என்றார் காக்கா.

"ஆரோக்கியமா இருக்காம்."

"மாஷா அல்லாஹ்!"

மை கம்ப்யூட்டரில் புது டிஸ்க் வந்து உட்கார்ந்திருந்தது. முழுதும் காலி, ஒரு மூலைகூட நிறையாத பெரிய மைதானம். அண்ணன் எழுந்து காக்காவைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார். "எத்தன கல்யாணம் பிடிக்கும் மக்கா இதுல?" "ஊருல உள்ள அத்தன கல்யாணமும் பிடிக்கும்ணே!" "பிரிஞ்சவங்க திரும்பக் கட்டினாலும்?" "அதுக்கும் இடம் இருக்கு!" போனில் மைத்துனர், "அக்காக்கிட்ட நான்தான் சரிபண்ணுனேன்னு சொல்லணும்" என்று கத்திக்கொண்டிருந்தார். காக்கா, "நான் ஒட்டலன்னா உங்களுக்கு இம்புட்டு சந்தோசம் ஏது?" என்று கேட்டார்.

அண்ணன் ஃபிளைட்டைப் பிடித்தார், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்த அம்மா அந்த டிஸ்க்கில் ஊராரின் தாலிகளையும் மாலைகளையும் வருஷக்கணக்காக அடுக்கினார். லீவு முடிந்து அண்ணன் வரும்போது முதல் ஆல்பத்தின் ஒரு பக்கத்தைப் பிரிண்ட் போட்டு எங்களுக்கும் கொடுத்துவிட்டிருந்தார். யாரென்றே தெரியாத ஒரு கல்யாண ஜோடி எங்கள் அறைச் சுவரில் ரொம்ப நாள் சிரித்துக்கொண்டிருந்தது.

ஆனால் அந்த மத்தியானம் ஃபிளைட்டைப் பிடிப்பது அவ்வளவு சுலபமாக இல்லை. பெட்டி திறந்து தயாராக இருந்தது. காக்கா தெர்மாகோலை வெட்டி வைத்துவிட்டார். டிரைவரின் ஹாரன் இப்போது நிற்காமல் அடித்தது. மெஷினை அணைக்க நான் கையைக் கொண்டுபோனேன்.

"தொடாத!" என்று அண்ணன் குறுக்கே விழுந்தார்.

"என்னண்ணே?"

"அணைச்சா போயிரும்."

"போகாதுண்ணே."

"காலம்பறயும் இப்பிடித்தான் சொன்ன. மாட்டியாச்சு, வந்துரும்னு சொன்ன. வந்துச்சா?"

"அண்ணே, ஓடுற மெஷினை பிளைட்டுல ஏத்த முடியாது."

"ஒயரு நீளமா இருந்தா ஏத்தலாம்," என்றார் சேட்டன் உதவிக்கு வந்து.

"தம்பி, பாருங்க," என்று காக்கா அவர் பக்கத்தில் குந்தினார். "தூங்குறவன் எல்லாம் செத்தவன் இல்ல. ராத்திரி நீங்க தூங்குறீங்க, காலைல எந்திரிக்கிறீங்கல்ல? அதுவும் எந்திரிக்கும். வீட்டுல போய் அவங்க கையால எழுப்பட்டும்."

அண்ணன் காக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரையில் இருந்த அந்தப் புது எழுத்தைப் பார்த்தார். "செரி," என்றார். ஆனால் என்னைத் தொட விடவில்லை. தானே மவுசைப் பிடித்து, நான் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக அழுத்தி மெஷினை அணைத்தார். திரை கறுத்தது. ஃபேன் சுற்றி ஓய்ந்தது. காக்கா டேப்பின் நுனியைச் சர்ரென்று இழுத்தார், நானும் சேட்டனும் கரண்ட் ஒயரை உருவி மெஷினைத் தூக்குவதற்காகக் குனிந்தோம்.

அண்ணன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, எங்கள் கைகளுக்கு நடுவில் விரலை விட்டு, மறுபடியும் பட்டனை அழுத்தினார்.